காகம் இல்லாத ஊரில் ஒரு படையல்

ஆக்லாந்தில் காகம் கிடையாது. இவ்வூருக்குக் குடிவந்த சைவக் குடும்பங்கள் எதிர்கொண்ட இடர்களுள் வெளியே சொல்லிக்கொள்ளாத ஒன்று இது. பெற்றோரின் திதியன்று சமைத்த சோற்றில் முதற்பிடியைக் காகத்துக்கு வைத்த பின்னரே உண்பவர்கள் நாம். இங்கோ, கொல்லையில் சோற்றை வைத்தால் மைனாக்கள் வரும். கடலில் காற்று மிகுந்த நாள்களில் வெண்ணிறக் கடற்பறவைகள் கூட்டமாய் வந்து இறங்கும். மீன் தின்னும் கடற்பறவை தொட்ட சோறு முன்னோரைச் சேருமா என்று த்ரீ கிங்ஸ் என்னும் புறநகரில் ஒரு வீட்டு விருந்தில் நெடுநேரம் வழக்கு நடந்தது. அவ்வழக்கை முடித்துவைத்தவர் ஒரு பெண்மணி.

"காகம் மட்டும் என்ன, விரதமோ பிடிக்கிறது? பசிச்சு வாறதுக்கு வையுங்கோ. மிச்சத்தைச் செத்துப்போனவை பார்த்துக்கொள்ளுவினம்."

அப்பெண்மணி நகர மையத்தில் ஒரு நிறுவனத்தில் கணக்காளர். அவர் மகள் என் வகுப்பில் கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். நான் கற்பிப்பது கத்தோலிக்க ஆரம்பப் பள்ளியொன்றில். எரிமலைக் கருங்கற்களை அடுக்கிக் கட்டிய தாழ்வான மதிலும், மரச் சிலுவை நிற்கும் முற்றமும், மழை பெய்தால் சேறாகிவிடும் விளையாட்டுத் திடலும் கொண்ட எளிய பள்ளி. பிற சமயத்துப் பிள்ளைகளுக்கு அங்கே சில இடங்களே உண்டு. அவற்றுக்கு எம்மவர்கள் காத்திருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் நானும் பாதிரிமார் நடத்திய பள்ளியிலேயே படித்தேன். காலையில் திருநீறு பூசிக்கொண்டு சென்று கன்னி மரியாளின் திருவுருவத்தின் கீழ் இலக்கணம் பயின்ற எனக்கு, இப்பள்ளியின் மணியோசையும் செபமும் அந்நியமாகத் தோன்றியதில்லை.

அங்கே மாவோரி மொழியைக் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். தாய்க்கும் தாய்போன்றவர்க்கும் உரிய 'ஃபையா' என்னும் மாவோரிச் சொல்லால் மாணவர் அவரை அழைப்பர். ஆசிரியராகிய நாங்களும் அவ்வாறே அழைத்தோம். நாள்தோறும் காலையில் அவர் தந்தை நகரின் தென்கோடியிலுள்ள பாபகூராவிலிருந்து தம் பழைய காரில் அவரை அழைத்துவந்து வாயிலில் இறக்கிவிடுவார். மாலையில் அதே இடத்தில் காத்திருப்பார். மழையானாலும் வெயிலானாலும் அவர் காரின் சக்கரம் மதிலுக்கு இப்புறம் உருண்டதில்லை.

அதன் காரணத்தை ஆசிரியர் அனைவரும் அறிவோம். அத்தந்தையும் அவர் அக்காவும் சிறுவயதில் அதே பள்ளியில் படித்தவர்கள். தாய்மொழியில் வாய் திறந்தால் தண்டனை என்றிருந்த காலம் அது. ஒருநாள் வரிசையில் நின்றவாறு, தண்ணீர் வேண்டுமென்று மாவோரியில் கேட்டுவிட்டார். யார் பேசியது என்ற அதட்டல் எழுந்தபோது அக்கா முன்வந்து, தானே பேசியதாகக் கூறிக் கையை நீட்டினாள். அடி அவளுக்கு விழுந்தது. தண்ணீர் இருவருக்கும் கிடைக்கவில்லை. வளர்ந்து பெரியவளாகும் முன்பே அவள் நெஞ்சுச் சளி முற்றி இறந்துபோனாள். தம்பி ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனார். செபமாலை அவர் சட்டைப் பையை விட்டு நீங்கியதில்லை. அவர் தேவாலயத்தை விட்டவர் அல்லர். பள்ளியை மட்டுமே விட்டவர். தம் மகள் அங்கே கற்பிக்கப் போவதாகச் சொன்னபோதும் அவர் தடுக்கவில்லை. வாயில்வரை கொண்டுவந்து விடுவதாக மட்டும் சொன்னார்.

ஃபையாவின் விருப்பம் ஒன்றே: தம் தந்தை அந்த வாயிலைக் கடந்து உள்ளே வரவேண்டும். இதை அவர் உரக்கச் சொன்னதில்லை. ஆயினும் பயன்படாது கிடந்த பழைய வகுப்பறையொன்றை மாவோரியரின் கூட்ட மனையாக மாற்றவேண்டும் என்று ஆண்டுதோறும் கூட்டங்களில் அவர் கேட்டுக்கொண்டிருந்ததன் உள்ளே அவ்விருப்பமே இருந்தது. அவர்கள் தம் கூட்ட மனையை ஒரு மூதாதையின் உடலாகவே கருதுவர்: முகட்டு மரம் முதுகெலும்பு, கைமரங்கள் விலா எலும்புகள், உள்ளே நுழைவோர் அம்மூதாதையின் மடியில் அமர்வோர். அம்மனையில் இறந்தோரின் படங்கள் மாட்டப்படும். புதிய தலைமையாசிரியை இசைந்தார். மனை அமைந்தது. அதைத் திறந்துவைக்குமாறு ஃபையாவின் தந்தையை அழைப்பதென்றும், முன்பு அங்கே நிகழ்ந்ததற்காகப் பள்ளி அன்று அவரிடம் மன்னிப்புக் கோருவதென்றும் முடிவாயிற்று.

அழைப்புக்கு அவர் சொன்ன மறுமொழியை ஃபையா எங்களிடம் வந்து அப்படியே ஒப்புவித்தார். இவர்கள் ஆங்கிலத்தில் பேசியவற்றை என் வீட்டு வழக்கிலேயே இங்குத் தருகிறேன். வேறு தமிழில் அவை என் காதில் ஒலிப்பதில்லை.

"வாறன் எண்டுதான் சொன்னவர். ஆனா உள்ளுக்கு வருவனோ இல்லையோ எண்டு வாசல்லை நிண்டுதான் சொல்லுவாராம்."

அத்துடன் தம் அக்காவின் படத்தையும் கொடுத்தனுப்பியிருந்தார். பள்ளிச் சீருடையில், கழுத்துப் பொத்தானை இறுகப் பூட்டிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நிற்கும் சிறுமி. அவரிடம் இருந்த படம் அது ஒன்றே.

விழா விடியற்காலையில். முதலில் அம்முதியவர் வேண்டுதல் ஓதி, நீர் தெளித்து, மனையைத் திறப்பார். பிறகு அனைவரும் உள்ளே செல்வர். எல்லாம் முடிந்தபின் மண்டபத்தில் உணவு. உணவுப் பொறுப்பைப் பெற்றோர் பகிர்ந்துகொண்டனர். தமிழ்க் குடும்பங்களின் பங்காகச் சர்க்கரைப் பொங்கலும் வடையும். அவற்றுக்குத் தலைமை நம் கணக்காளர். ஃபையா அனைவருக்கும் முன்கூட்டியே ஒன்றை வற்புறுத்திச் சொல்லியிருந்தார்: மனைக்குள் உணவு கொண்டுபோகக் கூடாது. மாவோரியருக்குப் புனிதமானது 'தாப்பு'. உணவோ அப்புனிதத்தைக் கலைத்து, ஒன்றை அன்றாடப் பொருளாக்கிவிடும் ஆற்றலுடையது. ஆகவேதான் சடங்கு முடிந்தபின் உண்கிறார்கள். ஆகவேதான் இறந்தோரின் அருகில் உணவு வருதலே அவர்களை இழிவுசெய்வதாகிறது. நாம் முன்னோரை உணவால் மதிக்கிறோம். அவர்கள் உணவை விலக்கி மதிக்கிறார்கள். இவ்வேறுபாட்டை அன்று எங்களுள் எவரும் எண்ணிப்பார்க்கவில்லை.

அன்று விடியுமுன்னர்க் குளிர் கடுமையாக இருந்தது. முற்றத்தில் போர்வைகளைச் சுற்றிக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக நின்றனர். நாற்காலிகளை ஒழுங்குசெய்துகொண்டிருந்த என்னிடம் ஃபையா வந்து, உள்ளே விளக்கு எரிகிறதா என்று பார்த்துவரலாம் என்றார். பக்கத்துக் கதவைத் திறந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நான் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன்.

சிறுமியின் படத்துக்கு முன்னால் வாழையிலைத் துண்டொன்று விரித்திருந்தது. அதன்மேல் சர்க்கரைப் பொங்கல், இரண்டு வடை, ஒரு வாழைப்பழம். பக்கத்தில் ஒரு வெள்ளி டம்ளரில் தண்ணீர். பொங்கலிலிருந்து இன்னும் ஆவி எழுந்துகொண்டிருந்தது. அவ்விலையை இட்டவர் நுனியை இடப்புறம் வைக்க மறக்கவில்லை. ஒரு தமிழ் மனம் எவ்வளவு பணிவோடு செய்யக்கூடுமோ அவ்வளவு பணிவோடு அது செய்யப்பட்டிருந்தது.

ஃபையா கத்தவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவ்வளவுதான்.

செய்தி அறிந்து கணக்காளர் சமையலறையிலிருந்து ஓடிவந்தார். பட்டுச் சேலைக்குமேல் தடித்த குளிர்ச்சட்டை, காலில் ஓட்டக் காலணி. அவர் பின்னாலேயே மகளும் வந்தாள்.

"நான்தான் மாஸ்ரர் வைச்சனான். என்ன பிழை?"

"உள்ளுக்குச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாதெண்டு சொன்னவையெல்லோ, தங்கச்சி."

"ஓம், சொன்னவை. உள்ளுக்கிருந்து சாப்பிடக் கூடாதெண்டு. நான் சாப்பிடேல்லையே! படைச்சனான்."

இந்த ஒரு பிழையை எம்மவரைத் தவிர வேறெவரும் செய்திருக்க முடியாது. படையல் நமக்கு உணவன்று. முன்னோர் முன் வைத்து எடுத்த பின்னரே அது உணவாகிறது. அவர் விதியை மீறவில்லை. தம் உள்ளத்தின்படி அதை முழுதாகக் காத்திருந்தார். மகள் தலையில் கைவைத்துக்கொண்டு, "அம்மா, ப்ளீஸ்!" என்றாள். நான் தாப்பு இன்னதென விளக்க விளக்க, அத்தாயின் முகம் மெல்ல வெளிறியது.

தலைமையாசிரியை வந்தார். வாயிலில் அதற்குள் கார் வந்து நின்றுவிட்டது. அதன் முகவிளக்குகள் மதிலின்மேல் விழுந்து அணைந்ததை நாங்கள் பார்த்தோம். தலைமையாசிரியை தாழ்ந்த குரலில் கேட்டார்:

"எடுத்துப்போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டால் என்ன? அந்த மனிசனை ஏன் இண்டைக்கு நோகப்பண்ணவேணும்?"

இரக்கத்தால் எழுந்த சொல் அது. கோழைத்தனம் அதில் இல்லை. உள்ளே வருமென்று எத்தனையோ ஆண்டுகள் ஃபையா காத்திருந்த கார் அங்கே நின்றது. உண்மையைச் சொன்னால் அது திரும்பிப் போய்விடக்கூடும். சொல்லாவிட்டால் தந்தை உள்ளே வருவார். இரண்டையும் எடைபோட்டவர்போல் சற்றுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவிட்டை மறைச்சு அவரை உள்ளுக்குக் கூப்பிட்டால், அவர் வந்ததாகாது. போய்ச் சொல்லுவம்."

"நீங்கள் ஏன் சொல்லவேணும்? வைச்சது நான்," என்றார் கணக்காளர். அப்படியே வாயிலை நோக்கி நடக்கத் தொடங்கினார். ஃபையாவும் தலைமையாசிரியையும் நானும் பின்தொடர்ந்தோம். வாழ்வில் நான் கண்ட துணிவுகளுள் ஈரப் புல்லின்மேல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்த அந்த நடையையும் சேர்த்தே எண்ணுகிறேன்.

முதியவர் காரிலிருந்து இறங்கி, மதிலுக்கு வெளியே, கருங்கல்லின்மேல் ஒரு கையை வைத்தவாறு நின்றிருந்தார். உயரமானவர், கறுத்த மேலங்கி, கையில் தொப்பி. கணக்காளர் கைகூப்பினார்.

"ஐயா, உங்களுக்குக் கோவம் வரப்போற விசயம் ஒண்டு சொல்லவேணும்."

"இந்த வாசலுக்கு நான் கோவம் இல்லாமல் வந்த நாளே இல்லை. சொல்லுங்கோ."

"உங்கட அக்காவின்ர படத்துக்கு முன்னாலை நான் சாப்பாடு வைச்சிட்டன்."

முதியவர் மகளைப் பார்த்தார். மகள் தலையசைத்தார்.

"உள்ளுக்கோ?"

"ஓம். உள்ளுக்கு."

முதியவர் மேலங்கிப் பையில் கையை விட்டுக் கார்ச் சாவியை எடுத்தார். சாவி உள்ளங்கையில் கிடந்தது. ஃபையா அதை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் வைச்சனீங்கள்?"

"எங்கட ஆக்கள் செத்தவைக்குக் குடுத்திட்டுத்தான் சாப்பிடுவினம். இவ்வளவு சனத்துக்கும் சமைச்சுப்போட்டு அந்தப் பிள்ளைக்கு வைக்காமல் விட எனக்கு மனம் வரேல்லை."

"அங்கை கனபேரின்ர படம் இருக்கு. அவவுக்கு மட்டும் ஏன்?"

"அவ ஒராள்தானே அங்கை சின்னப்பிள்ளை." சற்று நிறுத்தி, "என்ர தம்பியும் அந்த வயசிலைதான், ஊர்ச் சண்டைக்குள்ள செத்துப்போனவன். அவனுக்கு வைக்க எங்களிட்டை ஒரு படமும் இல்லை," என்றார்.

சாவியைப் பிடித்திருந்த விரல்கள் மூடின. முதியவர் மதிலைப் பார்த்தார். அப்பால் குளிரில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார்.

"என்ன சாப்பாடு வைச்சனீங்கள்?"

"இனிப்புச் சோறு. வடை. ஒரு பழம். ஒரு டம்ளரிலை தண்ணி."

"தண்ணியும் வைச்சனீங்களோ?"

"தண்ணி வைக்காமல் எப்பிடி ஐயா? தொண்டை விக்குமெல்லோ."

அக்கதையைக் கணக்காளர் அறியார். வரிசையில் நின்று தண்ணீர் கேட்ட சிறுவனைப் பற்றி அவரிடம் எவரும் சொன்னதில்லை. முதியவர் வேறுபுறம் திரும்பினார். தொப்பியைத் தலையில் வைத்தார், மீண்டும் எடுத்தார். பிறகு கணக்காளரைப் பார்த்துச் சொன்னார்:

"தண்ணி பிழையில்லை. தண்ணி இருக்கலாம். சாப்பாடுதான் பிழை."

சாவியைப் பையில் போட்டார். பிறகு தலைமையாசிரியையை நோக்கி, "இனி முதல்லை இருந்து எல்லாம் திரும்பச் செய்யவேணும். துப்புரவாக்கிற வேண்டுதல் நீளம். பிள்ளையள் குளிரிலை நிக்கவேணும்," என்றார்.

"நிப்பினம்."

"பிரின்சிபலும் நிக்கவேணும்."

"நானும் நிப்பன்."

"அப்ப சரி," என்று சொல்லி, மகளின் தோளில் ஒரு கையை வைத்து, மதிலுக்கு இப்புறம் காலை எடுத்து வைத்தார். ஃபையா அழவில்லை. மண்வெட்டி வேண்டுமென்று முணுமுணுத்துவிட்டு, தோட்டக் கொட்டிலை நோக்கி எங்களுக்கு முன்னால் விரைந்தார்.

மண்வெட்டி எதற்கென்று எனக்கு அப்போது விளங்கவில்லை. புனிதத்தின் அருகில் இருந்த அவ்வுணவை இனி எவரும் உண்ணலாகாது, எறியவும் ஆகாது, மண்ணில் புதைத்தல் வேண்டும். மனையின் பின்புறம் கோவாய் என்னும் இந்நாட்டு மரமொன்றின் அடியில் ஃபையா குழி தோண்டினார். இலையை ஏந்திவந்த கணக்காளரின் கைகள் தயங்கின. சமைத்த சோற்றை மண்ணில் இடுவதை நம் மனம் எளிதில் ஒப்புவதில்லை.

"இதை எங்கட ஆக்கள் பிறகு பங்கிட்டுச் சாப்பிடுவினம், ஐயா."

"அக்காவுக்கு வைச்சதெண்டு சொன்னீங்கள். இப்ப பங்கு கேக்கிறீங்கள்!"

முதலில் சிரித்தவர் முதியவர்தாம். பிறகு கணக்காளரும் சிரித்து, குனிந்து, இலையோடு படையலைக் குழியில் வைத்தார். நிமிர்ந்து என்னிடம் தமிழில் சொன்னார்:

"இவ்வளவு காலமும் காகம் தேடித் திரிஞ்சம் மாஸ்ரர். மண்ணிட்டைக் குடுத்தால் மைனாவோடையும் சண்டையில்லை."

டம்ளரில் இருந்த தண்ணீரை முதியவர் கொட்டவிடவில்லை. அதைத் தம் கையில் வாங்கிக்கொண்டு மனையின் வாசலுக்கு வந்தார். வேண்டுதல் தொடங்கியது. பழைய மாவோரி ஓதல் நீண்டு செல்லச் செல்ல, கிழக்கு மெல்ல வெளுத்தது. விரல்களை அந்நீரில் நனைத்து நிலைப்படியிலும் சுவர்களிலும் தெளித்தார். எந்த முற்றத்தில் அம்மொழிக்கு அடி விழுந்ததோ, அதே முற்றத்தில் அது ஒருவர் குரலாய் உயர்ந்து எழுந்தது. இறுதியில், இயேசு கற்பித்த செபத்தை மாவோரியில் தொடங்கினார். முழுவதையும் தாம் தனியே சொல்லி முடிப்போம் என்றுதான் அவர் எண்ணியிருக்கவேண்டும். இரண்டாம் அடியைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள்.

பள்ளி முழுதும் சொல்லிற்று. சமோவாப் பிள்ளைகள், பிலிப்பைன்ஸ் பிள்ளைகள், எம் பிள்ளைகள். வீட்டில் தாய் தமிழில் கேட்பதற்கெல்லாம் ஆங்கிலத்திலேயே மறுமொழி கூறும் கணக்காளரின் மகளும் தடையின்றிச் சொன்னாள். அத்தாய் மகளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பெருமையோடு சிறு பொறாமையும் இருந்தது, எனக்கும் இருந்தது. எனினும் அக்கணத்தில் மேலோங்கி நின்றது வியப்பே. தான் ஒருகாலத்தில் அடித்து அடக்கிய மொழியை ஒரு பள்ளி தன் குழந்தைகளின் நாவில் மீண்டும் நட்டிருக்கிறது. தன் பிழையைத் திருத்திக்கொள்ள இதைவிட உறுதியான வழி ஒரு பள்ளிக்கு இல்லை. முதியவர் ஓதுவதை நிறுத்திவிட்டார். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றார். பிள்ளைகள் அவருக்காகக் காத்திராமல் இறுதிவரை சொல்லி முடித்தார்கள்.

தலைமையாசிரியை மன்னிப்புக் கோரினார். கையில் தாள் இல்லை. சுருங்கச் சொன்னார், சொல்லிவிட்டு அடுத்து என்ன செய்வதென்று அறியாதவராய் நின்றார். முதியவர் குனிந்து, மாவோரியர் முறைப்படி, அவர் நெற்றியோடு நெற்றியும் மூக்கோடு மூக்கும் பொருத்தினார். "மன்னிச்சிட்டன் எண்டு இண்டைக்குச் சொல்லமாட்டன். ஆனா வந்திருக்கிறன்," என்றார். அதன்பின் கதவைத் திறந்து, எல்லோர்க்கும் முன்னதாக உள்ளே போய், தம் அக்காவின் படத்துக்கு முன் நின்றார். நாங்கள் காலணிகளைக் கழற்றிவிட்டு அவர் பின்னால் நுழைந்தோம். கோவிலில் பழகிய எம்மவர்க்கு அது ஒன்றுமட்டும் எவரும் சொல்லாமலே விளங்கியது.

உணவு வேளையில் அவர் நேரே பொங்கற் பானையருகே வந்தார். கணக்காளர் அள்ளி அள்ளி வைத்தார். ஒரு வாய் உண்டு, சிறிதுநேரம் மென்று, "அக்கா இப்ப என்னை ஏசியிருப்பா," என்றார்.

"ஏன் ஐயா, சரியில்லையோ?"

"நல்லாயிருக்கு. அவவின்ர பங்கையும் சேர்த்துச் சாப்பிடுறன் எண்டு."

இவையெல்லாம் நிகழ்ந்து சிறிது காலம் ஆயிற்று. கோவாய் மரம் இவ்வாண்டும் மஞ்சளாய்ப் பூத்தது. கணக்காளர் தம் வீட்டுத் திதிநாள்களில் இப்போது முதற்பிடியைக் கொல்லையில் எலுமிச்சை மரத்தடியில் புதைப்பதாகக் கேள்விப்பட்டேன். த்ரீ கிங்ஸ் விருந்துகளில் அதுபற்றிப் புதிய வழக்கொன்று நடந்துவருகிறது. முதியவர் மன்னித்தாரா என்பதை நான் அறியேன். அதை அவரிடம் கேட்கும் உரிமையும் எனக்கில்லை. நான் அறிந்தது இதுவே: அவர் இப்போது தம் மகளை வாயிலில் இறக்கிவிடுவதில்லை. கார் முற்றத்துக்குள் வருகிறது. ஆசிரியர் கார்களை நிறுத்தும் இடத்தில், மனைக்கு மிக அருகில், நான் வழக்கமாக நிறுத்தும் நிழலில் அதை நிறுத்திவிட்டு, செபமாலையோடு உள்ளே போய்ச் சிறிதுநேரம் அமர்ந்துவிட்டு வருகிறார். ஒருநாள் அவரிடம், அது என் இடம் என்று விளையாட்டாகச் சொன்னேன்.

"தெரியும் மாஸ்ரர்," என்றார். கணக்காளரிடமிருந்து அச்சொல்லைக் கற்றுக்கொண்டிருந்தார். "ஆனா நான் உங்களுக்கு முதல் வந்தனான்."

நான் இப்போது தெருவில் நிறுத்துகிறேன்.